குதிகால் பார்த்து வேலை தேடியவள்

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடி ஊர் ஊராக அலைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டின புருஷனுக்கு வேலை தேடி ஊர் ஊராக அலைந்தவள் ஒருத்திதான். அவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவள் பேத்திகள் படையெடுத்து வருவார்கள், வாய் விஷயத்தில் அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் மடுகரையில் ஒரே வீட்டில் குடியிருந்தோம். அப்போது பிராஞ்சுக்காரன் ஆட்சி. மடுகரை புதுச்சேரியோடு சேர்ந்தது, பிராஞ்சுக்காரனுடையது. கொல்லைப்பக்கம் இறங்கி வரப்போடு நடந்தால் சிறுவந்தாடு, அது இங்கிலீஷ்காரனுடையது. எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறது என்று எங்கள் மாடுகளுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி நடந்துகொள்வோம். இந்தப் பக்கத்துத் தீப்பெட்டி அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கத்துப் புகையிலை இந்தப் பக்கம் வரும். என் மாமியாருடைய மடியை அவிழ்த்துப் பார்த்திருந்தால் இரண்டு சர்க்காருக்கும் வேலை வந்திருக்கும்.

அக்காவின் புருஷனை, அதாவது என் மூத்தாரைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. மண்ணைத் தவிர வேறொன்றும் அறியாத மனுஷர். பேச வேண்டியதை எல்லாம் மாட்டோடு பேசிவிடுவதால் மனுஷரோடு பேச அவரிடம் மிச்சம் இருக்காது. செவலை, மயிலை என்று ஒரு ஜோடி வைத்திருந்தார். அவர் தண்ணீர் காட்டினால்தான் அவை குடிக்கும். பெண்டாட்டி ஒரு வேலையைச் சொல்லி, அதற்குப் போ என்றால் “சரிமே” என்பார். அந்த வேலை வேண்டாம் என்று அவளே வந்து சொன்னால் அதற்கும் “சரிமே” என்பார். பெண்டாட்டியை அவர் கூப்பிடுவதே ‘மே’ என்றுதான்.

என் வீட்டுக்காரர் நேர் எதிர். பேச்சுக்குத் தம்பி, வேலைக்கு அண்ணன் என்று ஊரே பிரித்து வைத்திருந்தது. அவர் ஏர் பிடித்தால் மாடும் அழும், நிலமும் அழும், பின்னால் போகிற நானும் அழுவேன். ஆகவே அக்கா ஒவ்வொரு முறை முந்தானையை உதறிக்கொண்டு வேலை பார்க்கக் கிளம்பும்போதும் நான் குலசாமிக்கு ஒரு காசு முடிந்து வைப்பேன். மூத்தார் வேலைக்குப் போனால் நிலம் என் வீட்டுக்காரர் தலையில் விழும். அவர் தலையில் விழுந்தால் அது உருண்டு வந்து என் தலையில் விழும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வேலைப் பைத்தியம் அவளுக்கு எப்படிப் பிடித்தது என்றால், தங்கச்சியால். அக்காவின் தங்கச்சியைப் புதுச்சேரி டவுனில் சர்க்கார் உத்தியோகக்காரருக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு பொங்கலுக்கு அவள் வந்திருந்தபோது இரண்டு பேரும் கால் நீட்டி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் குதிகால் கோடையில் ஏரி காய்ந்த மாதிரி வெடித்துக் கிடக்கும். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, “யக்கா, ஒங்கால்ல நாத்து வுடலாம் போலக் கீது” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. காலை மடக்கிக்கொண்டாள்.

அன்றைக்குப் பிடித்ததுதான். என் புருஷனுக்கு இதைவிட நல்ல வேலை ஒன்று எங்கேயோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் விட மாட்டேன் என்று கிளம்பிவிட்டாள். அவள் வேலை தேடிய விதம் இருக்கிறதே, அதை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. ஒரு வேலை இருக்கிறது என்று காதில் விழுந்தால் அந்த வேலையில் இருக்கிற ஆம்பிளையிடம் போய் விசாரிக்க மாட்டாள். அவன் பெண்டாட்டியைத் தேடிப் போவாள். தண்ணீர் வாங்கிக் குடிப்பாள், வெற்றிலை போடுவாள், ஊர்க்கதை பேசுவாள், நடுவில் அந்தப் பெண்ணின் குதிகாலைப் பார்த்துவிட்டு வருவாள். அவ்வளவுதான், வேலையின் குலம் கோத்திரம் எல்லாம் அதிலே தெரிந்துவிடும் என்பாள்.

“வேலை எப்பிடின்னு ஆம்பளைய கேட்டா பீத்திக்குவான்டி. இல்லன்னா மூக்கால அழுவான். ரெண்டும் பொய்யி. அவன் பொண்டாட்டி குதிகால் பொய் சொல்லாது” என்று எனக்கு ஒருநாள் பாடமே நடத்தினாள். அப்போது அவள் களை எடுத்துக்கொண்டிருந்தாள், சேற்றில் அவள் குதிகால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அவள் குதிகாலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாயங்காலம் மாட்டைக் கழுவிக் கட்டியதும் மூத்தார் வேப்பெண்ணெயை இரும்புக் கரண்டியில் சூடு பண்ணி ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றிக்கொண்டு வருவார். செவலைக்குக் குளம்பில் தடவுவார், பிறகு மயிலைக்குத் தடவுவார். அடியில் மீந்திருப்பதை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற அக்காவின் குதிகாலில் தடவிவிடுவார். “மாட்டுக்குப் போட்ட மீதிதானா எனக்கு?” என்று அக்கா ஆரம்பிப்பாள். அவர் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவாள். திட்டுகிற வாய் திட்டிக்கொண்டே இருக்கும், நீட்டின கால் நீட்டினபடியே இருக்கும். என் மாமியார் அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கூரையில் ஏதோ அதிசயம் இருக்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு நானும் ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “நீ இன்னா மாடா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முதலில் பார்த்தது மில் வேலை. ஒதியம்பட்டிலிருந்து டவுன் மில்லுக்குப் போய்வருகிற ஒருவரின் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணின் குதிகால் மோசமில்லை. ஆனால் கண் இரண்டும் குழியில் கிடந்தன. மில் சங்கு ஊதுவதற்குள் சோறு கட்டிக் கொடுத்துவிட வேண்டுமாம், பால் குடிக்கிற பிள்ளையைக்கூடக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டுமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ தூரத்தில் சங்கு மாதிரி ஏதோ கேட்டது. அந்தப் பெண் எங்களை விட்டுவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடினாள். அது கோயில் சங்கு. திரும்பி வருகிற வழியில் அக்கா தீர்ப்புச் சொன்னாள்: வீட்டில் இருக்கிற மாமியார் போதாதா, சங்கு வைத்த மாமியார் வேறு எதற்கு என்று. வீட்டுக்கு வந்து சொன்னதும் மூத்தார் “சரிமே” என்றார்.

அடுத்தது எல்லைச் சாவடியில் காவல். சிவப்புத் தொப்பி, காக்கி உடுப்பு, மாசம் பிறந்தால் கையில் சம்பளம். சாவடிக்காரர் பெண்டாட்டி நல்ல சேலை கட்டியிருந்தாள், குதிகால் பளபளவென்று இருந்தது. எனக்கு அப்போதே காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது, போச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பெண் தண்ணீருக்குப் போக எழுந்தபோது குடத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். கிணற்றடியில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி மடியைக்கூட இறுக்கிக்கொண்டாள். நாலு பெண்கள் வாய் மூடுகிற இடத்தில் குடித்தனம் பண்ண முடியாது என்று அக்கா எழுந்துவிட்டாள். அதோடு, அந்த வேலைக்கு மூத்தார் போனால் முதலில் பிடிக்க வேண்டியது அவரைப் பெற்றவளை.

எல்லாவற்றையும் இப்படித் தட்டிக் கழிக்கவில்லை, ஒன்றுக்கு அனுப்பியும் பார்த்தாள். பாகூரில் ஒரு நெல் வியாபாரியின் கிடங்கில் மூட்டை நிறுத்துப் போடுகிற வேலை. வியாபாரி பெண்டாட்டி குதிகால், கணக்குப்பிள்ளை பெண்டாட்டி குதிகால், இரண்டும் தேறிவிட்டன. மூத்தார் ஒரு துணி மூட்டையோடு போனார். அன்றைக்குச் செவலையும் மயிலையும் தொட்டியில் வாய் வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் அண்ணன் மாதிரியே நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டுப் பார்த்தார். அண்ணனுடைய துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றார். மயிலை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டது ஓர் உதை, மனுஷர் வைக்கோல் போரில் போய் விழுந்தார். மறுநாள் என் மாமியார் தவிட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டைக் கொஞ்சினாள், எங்களை ஒருநாளும் அப்படிக் கொஞ்சியதில்லை. அன்று சாயங்காலமே ஆள் அனுப்பி மூத்தாரை வரவழைத்தோம். வந்தவர் யாரோடும் பேசாமல் நேராகக் கொட்டகைக்குப் போனார். மாடு தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டபிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் சும்மா இருந்தாள். அப்போதுதான் பாய் வந்தார். பாய் வில்லியனூர்க்காரர், துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விற்கப் போகிறவர். கல்யாணத் தரகர் ஜாதகம் கொண்டுவருகிற மாதிரி அக்காவுக்கு வேலைச் சேதி கொண்டுவருவது அவர்தான். அவருடைய மச்சான் கப்பலேறிப் போய், பிராஞ்சுக்காரன் ஆட்சியிலேயே இருந்த சைகோனில் கடை வைத்திருந்தார். அங்கே துறைமுகக் காவலுக்கு ஆள் எடுக்கிறார்களாம். எழுத்து வாசிப்புக்கூட வேண்டாமாம். உடம்பு வாகாக இருக்க வேண்டும், பிராஞ்சு மண்ணில் பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதானாம்.

சைகோன் என்றால் அப்போது எங்கள் பக்கத்தில் சும்மா இல்லை. மாடி வைத்து மெத்தை வீடு கட்டினவன் யார் என்று கேட்டால் சைகோன்காரன் என்பார்கள். அக்காவின் கண் பெரிதாகிவிட்டது. ஆனாலும் அவள் முறையை அவள் விடவில்லை. சைகோன்காரன் பெண்டாட்டி ஒருத்தியைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்றாள். வில்லியனூர்த் தேருக்குப் போகிற சாக்கில் வண்டி கட்டிக்கொண்டு போனோம். பாய் வழி சொன்ன மெத்தை வீட்டுக்கு நானும் அவளும் போனோம்.

அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தில் நான் பயந்தேபோனேன், ஏதோ சொந்தம் என்று தப்பாக நினைத்துவிட்டாளோ என்று. காபி கொடுத்தாள், பலகாரம் கொடுத்தாள், எழுந்தால் உட்கார வைத்தாள், மறுபடியும் காபி கொடுத்தாள். கழுத்தில் காதில் எல்லாம் ஜொலித்தது. குதிகாலோ, குழந்தையின் குதிகால்! நடந்து பழகாத கால் மாதிரி அவ்வளவு மெத்தென்று இருந்தது. அக்கா வாய்விட்டே கேட்டுவிட்டாள், காலுக்கு என்ன போடுகிறாய் என்று. அந்தப் பெண் உள்ளே ஓடி ஒரு சின்ன டப்பியைக் கொண்டுவந்தாள். சைகோனிலிருந்து புருஷன் அனுப்பின தைலமாம். திறந்து அக்காவின் விரலில் கொஞ்சம் வைத்தாள். மல்லிகையும் இல்லாத ரோஜாவும் இல்லாத ஒரு வாசனை.

அக்கா அதை மோந்து பார்த்துவிட்டு, “யாரு தடவி வுடறாங்கோ?” என்று கேட்டாள்.

“இன்னாக்கா கேக்கற? நானேதான் தடவிக்கறன். வேற யாரு கீறாங்க?” என்று அந்தப் பெண் சிரித்தாள். தெருமுனை வரைக்கும் எங்களோடு வந்து வழியனுப்பினாள். அங்கே நின்றும் கொஞ்ச நேரம் பேசினாள்.

திரும்பி வரும்போது அக்கா தைலம் பட்ட விரலையே மோந்துகொண்டு வந்தாள். தேரைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. நான் பொறுக்க மாட்டாமல் என்னதான் முடிவு என்று கேட்டேன். “குதிகால் நல்லாத்தான் கீதுடி” என்றாள். அவ்வளவுதான். அவள் போட்ட சட்டத்தின்படி வேலை தேறிவிட்டது. தேறின வேலையை வேண்டாம் என்று சொல்ல அவள் சட்டத்தில் இடமில்லை. வீட்டுக்கு வந்து மூத்தாரிடம் சைகோன் என்றாள். அவர் வழக்கம்போல “சரிமே” என்றார், ஆனால் அன்று கொட்டகையை விட்டு வெளியே வர அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

மறுநாள் சாயங்காலம் அவர் கொட்டாங்கச்சியோடு வந்தபோது அக்கா காலை நீட்டவில்லை. ஒரு கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு அவளே தடவிக்கொண்டிருந்தாள். “பழகிக்கணும்ல” என்றாள், அவரைப் பார்க்காமல். மூத்தார் அவள் காலைப் பார்த்தார். கொட்டாங்கச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு திரும்பிப் போய் அதையும் மாட்டுக்கே தடவினார். அந்த நாட்களில் செவலை, மயிலை குளம்புகளில் முகம் பார்க்கலாம் போல இருந்தது. வீட்டில் திட்டுகிற சத்தமும் இல்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை.

சைகோனுக்கு ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பிராஞ்சு மண்ணில் பிறந்ததற்கு மேரியில், அதாவது பிறப்பு இறப்பு எழுதுகிற கொம்யூன் ஆபீசில், எழுதி வாங்க வேண்டும். மூத்தார் தலைச்சன் பிள்ளை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? என் மாமியாருக்குத் தாய்வீடு சிறுவந்தாடு. வரப்பு தாண்டிப் போய் இங்கிலீஷ்காரன் மண்ணில் பிள்ளையைப் பெற்று, தூக்கிக்கொண்டு வரப்பு தாண்டி வந்துவிட்டாள். அங்கேயும் எழுதவில்லை, இங்கேயும் எழுதவில்லை. இரண்டு சர்க்கார் கணக்கிலும் பிறக்காத மனுஷர் எங்கள் மூத்தார். என் வீட்டுக்காரர் அடுத்த பிரசவம், மடுகரையில் பிறந்தவர், மேரியிலும் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான், மூத்தவன் இங்கிலீஷ்காரன், இளையவன் பிராஞ்சுக்காரன்.

அப்படியானால் சின்னவரை அனுப்பலாமே என்றார் பாய். எல்லோரும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் அப்போது பல் குத்திக்கொண்டிருந்தார். “எங் கொழுந்தனையா? கப்பலு கடலூரு தாண்டறதுக்குள்ள கொண்டாந்து கரையில வுட்டுட்டுப் பூடுவாங்க பாய்” என்றாள் அக்கா. கட்டினவள் என்கிற முறையில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அவள் சொன்னது உண்மை.

மூன்று பேர் சாட்சி சொன்னால் மேரியில் எழுதிக்கொள்வார்கள் என்று தெரிந்தது. ஊரில் இரண்டு பெரியவர்கள் தலையாட்ட ஒப்புக்கொண்டார்கள். பெற்றவள் வாயால் சொல்ல வேண்டும், அதுதான் பாக்கி. என் மாமியாரிடம், பிள்ளை மடுகரையில்தான் பிறந்தான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் அத்தை என்று அக்கா கேட்டாளோ இல்லையோ, பிடித்துக்கொண்டது சண்டை. “எங்க அம்மா வூட்டுல தலைப்பிரசவம் பாக்க வக்கில்லன்னு என் வாயாலயே சொல்லச் சொல்றியா? சைகோன் இன்னாடி சைகோன், சொர்க்கமே கெடைச்சாலும் சொல்ல மாட்டன்” என்று மாமியார் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். சீமந்தத்துக்கு எத்தனை வகைச் சோறு கொண்டுவந்தார்கள், கூண்டு வண்டியில் என்ன விரித்திருந்தார்கள் என்று செத்துப்போன எல்லோரையும் எழுப்பி வந்து சாட்சிக்கு நிறுத்தினாள். மகன் சைகோன் போவது பற்றி அவளுக்கு வருத்தமா சந்தோஷமா என்று யாருமே கேட்கவில்லை. அவளுக்கு அம்மா வீட்டு மானம்தான் முன்னால் நின்றது.

அக்கா லேசில் விடுகிறவளா? இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு கதை கட்டிக்கொண்டு வந்தாள். அம்மா வீட்டார் முறைப்படி வந்தார்கள். சோறு கொண்டுவந்தார்கள். வளையல் போட்டார்கள். கூண்டு வண்டியும் கட்டியாயிற்று. வண்டியில் கால் வைக்கப் போகும்போது வலி வந்துவிட்டது. குற்றம் அம்மா வீட்டின் மேல் இல்லை, பிள்ளையின் மேல். அதற்கு அவசரம்.

மாமியார் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது. “ஆமா, அவன் சின்னதுலேருந்தே அவசரக்காரன்தான்” என்றாள். ஊரே தேருக்கு வண்டி கட்டிப் போன பிறகும் நிதானமாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நிற்கிற மனுஷரைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. அன்றிலிருந்து அந்தக் கதை வளர்ந்தது. மழை வந்தது. மாடு மிரண்டது. மருத்துவச்சி முழங்கால் சேற்றில் ஓடி வந்தாள். கடைசியில் மாமியாருக்கே அது நிஜமாகிவிட்டது. சிறுவந்தாட்டைப் பற்றிப் பேசினால் அது யாருடைய ஊர் என்கிற மாதிரி பார்த்தாள்.

மேரிக்குப் போகிற நாள் வந்தது. செவலையும் மயிலையும்தான் வண்டி இழுத்தன. மூத்தார் ஓட்டினார், மாமியார், அக்கா, நான், சாட்சிக்காரர்கள் எல்லோரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குத்தான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இன்றைக்கு மேரியில் எழுதிவிட்டால் மூத்தார் போனார். நிலம் போச்சு, மாடு போச்சு, நான் போனேன். அக்கா புதுப்புடவை கட்டியிருந்தாள், பெண் பார்க்கப் போகிறவள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்து வந்தாள்.

மேரி குமாஸ்தா நல்ல மனுஷர், பொறுமைசாலி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சொல்லுங்கம்மா என்றார். என் மாமியார் சொன்னாள் பாருங்கள், கூத்துக் கட்டுகிறவன் தோற்றான். மழையும் மாடு மிரண்டதும் வந்தபோது பக்கத்து மேஜைக்காரர்கூட எழுந்து வந்து நின்றுகொண்டார். பிள்ளை பிறந்து வீறிட்டதை அவளே வீறிட்டுக் காட்டினாள். அந்தக் கதையில் பிறந்த பிள்ளை மீசையோடு ஓரமாக நின்று, தனக்கு இப்படியெல்லாம் நடந்ததா என்று ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவர்கள் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்தார்.

எழுதுவதற்கு முன்னால் அவர் தானாகத்தான் பேச்சுக் கொடுத்தார், எங்கே போவதற்கு என்று. சைகோன் என்றோம். நல்ல இடம், ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒருதரம்தான் லீவு விடுவார்கள் என்றார். பெண்டாட்டியைக் கூட்டிப்போகலாமா என்று அக்கா கேட்டாள். காவல்காரர்களுக்கு அதெல்லாம் கிடையாது, பெரிய உத்தியோகமானால் பார்க்கலாம் என்றார். அக்கா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, அந்த ஊரில் மாடு உண்டா என்று கேட்டாள். குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்தது. எருமைதான் அதிகம் என்று கேள்வி என்றார்.

“எருமையா?” என்றார் மூத்தார். மேரிக்குள் அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான். அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே வேப்பமரத்தடியில் கட்டியிருந்த செவலையையும் மயிலையையும் பார்த்தார்.

அக்கா அவரைப் பார்த்தாள். பேனா காகிதத்தைத் தொடப் போனது.

“எழுதாதீங்க சாமி” என்றாள். “எங்க அத்தைக்கு வயசாயிடுச்சி. மறந்துட்டாங்க. தலைப்பிரசவம் தாய்வூட்டுலதான். சிறுவந்தாடு.”

குமாஸ்தா பேனாவைத் தூக்கிவிட்டார். முதலில் சுதாரித்தது என் மாமியார். “நான் மறந்துட்டனா? பெத்தவ நானா நீயா?” என்று எழுந்தாள் பாருங்கள். வலி வந்தது எனக்கு, வண்டியில் கால் வைத்தது நான், மடுகரையில்தான் பிறந்தான், கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்று மேஜையைத் தட்டினாள். அக்கா சிறுவந்தாடு என்றாள். மாமியார் மடுகரை என்றாள். பெரியவர்கள் பழக்கதோஷத்தில் இரண்டுக்கும் தலையாட்டினார்கள். குமாஸ்தா பேனாவைத் துடைத்து மூடினார். முதலில் வீட்டுக்குப் போய் இந்த ஆள் எங்கே பிறந்தார் என்று ஒரு முடிவுக்கு வாருங்கள், அவசரமில்லை என்றார்.

வரும் வழியில் மாமியார் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வாழ்நாளில் அவள் கட்டிய ஒரே கூத்தைக் கலைத்துவிட்டார்களே. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததை முந்தானையால் மூடிக்கொண்டேன். அக்கா மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆசை கூடப்பிறந்தவள் மேல்கூட வந்ததில்லை. பாதி தூரம் வந்தபிறகு மூத்தார் திரும்பாமலே கேட்டார், அப்படியானால் சாயங்காலம் கரும்புக்குத் தண்ணீர் கட்டலாமா என்று. கட்டு என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே சொன்னாள். “எருமை ஒனக்கு ஒத்துக்காது. அதான். வேற ஒண்ணும் இல்ல.” ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி நல்ல வரனைத் திருப்பி அனுப்புகிற குரல்.

“சரிமே” என்றார் அவர்.

அன்று சாயங்காலம் வாசற்படியில் திட்டுகிற சத்தம் மறுபடியும் கேட்டது. நான் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மாமியார் கோபத்திலும் மறக்காமல் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால் அவள் திருந்திவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். பாய் வந்தால் துணியைப் பார்ப்பதற்கு முன்னால் வேலையைத்தான் கேட்பாள். ரயிலடி, சாராயக் கிடங்கு, பங்களாத் தோட்டம் என்று போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்துக்கொண்டே வந்தாள். தங்கச்சி ஒருமுறை வந்து சைகோன் என்ன ஆயிற்று என்று குத்திக் கேட்டபோது, அந்த ஊர்த் தண்ணீர் சரியில்லையாம் என்று சொல்லிவிட்டாள். ஆனால் அவளுடைய முறை சுற்று வட்டாரத்தில் பரவிவிட்டது. மகனை மில்லில் சேர்க்கலாமா, மருமகனைச் சாவடிக்கு அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டு பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

அப்படித்தான் குருவிநத்தத்திலிருந்து ஒருத்தி வந்தாள். பெண்ணுக்கு இரண்டு வரன் வந்திருக்கிறதாம். ஒருவன் டவுனில் சம்பளக்காரன், இன்னொருவன் பயிர் வைக்கிறவன். எதற்குக் கொடுப்பது என்று கேட்க வந்தவள், பேச்சுக்கு நடுவில் அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுடைய சொந்த வித்தையை அக்காவிடமே காட்டுகிறாள்! எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. தங்கச்சி முன்னால் காலை மடக்கிக்கொண்டவள் ஆயிற்றே, இப்போது என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தேன்.

அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு இரண்டு கால்களையும் நன்றாக அவள் முன்னால் நீட்டினாள். அத்தனை வெடிப்பும் எண்ணெயில் கறுத்து மினுங்கியது.

“நல்லாப் பாத்துக்கோ. வெடிப்புதான், இல்லன்னு சொல்லல” என்றாள். “எண்ணெய் மொதல்ல மாட்டுக்குத்தான் தடவுவாரு. மீதிதான் எனக்கு. ஆனா இத்தினி வருசத்துல ஒரு நாளும் மீதி இல்லாமப் போனதில்ல.”